கடல் கடந்த மாணவர் அம்பேத்கர்

வெளிநாட்டுப் படிப்பு என்றவுடன் நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, செலவு எவ்வளவு ஆகும் என்பதே. வங்கிக் கடன், தாயாரின் நகை, உறவினரிடம் கைமாற்று ஆகிய அனைத்தையும் கூட்டிப் பார்த்த பின்னரே பிள்ளைக்குப் பயணச் சீட்டு வாங்குகிறோம். இதே கணக்கை நூறாண்டுகளுக்கு முன்பு, பம்பாய்ப் பரேலில் தொழிலாளர் வாழ்ந்த சால் கட்டடம் ஒன்றில் இருந்துகொண்டு போட்டவர் டாக்டர் பீமராவ் அம்பேத்கர். அவரைச் சட்ட மேதையாக யாவரும் அறிவர். கையில் காசில்லாத மாணவராக அவர் கழித்த ஆண்டுகளை அறிந்தவர் சிலரே.

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மௌ நகரில், இராணுவத்தில் சுபேதாராக இருந்தவரின் மகனாகப் பிறந்த அவர், 1912-இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. தேறினார். அவ்வாண்டின் இறுதியில் அவருக்கும் ரமாபாய் அம்மையாருக்கும் யஷ்வந்த் என்னும் மகன் பிறந்தான். அடுத்த பிப்ரவரியில் தந்தையார் காலமானார். குடும்பம் நிலைகுலைந்திருந்த அந்நேரத்தில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட், அமெரிக்கா சென்று படிக்க உபகாரச் சம்பளம் அளிக்க முன்வந்தார். மூன்றாண்டுகளுக்குத் திங்கள்தோறும் பதினொன்றரைப் பவுன். படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணி என்பது உடன்படிக்கை. கைக்குழந்தையையும் மனைவியையும் பிரிந்து, 1913 ஜூலையில் அவர் நியூயார்க் சென்றடைந்தார்.

அப்பதினொன்றரைப் பவுனில் தாம் உண்ணவும் உடுக்கவும் வேண்டும். பம்பாய்க்கும் சிறிது அனுப்ப வேண்டும். இரண்டுக்குமே போதாத அத்தொகையில் மூன்றாவதாக ஒரு செலவையும் அவர் மேற்கொண்டார். அது புத்தகச் செலவு. நியூயார்க்கின் பழைய புத்தகக் கடைகளில் சிறிது சிறிதாக அவர் வாங்கிச் சேர்த்த நூல்கள் ஏறத்தாழ 2,000. வயிற்றைச் சுருக்கிப் புத்தகம் வாங்குவது விவேகமா என்று கேட்போர் இருக்கலாம். அம்பேத்கரின் கணக்கில் உணவே குறைக்கத்தக்க செலவாக இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

1915-இல் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தின் எம்.ஏ. பட்டம் கிடைத்தது. 1916-இல் இலண்டன் சென்று, பொருளாதாரக் கல்லூரியிலும் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். ஆனால் உபகாரச் சம்பளத்தின் காலம் முடிந்துவிட்டது. பரோடா திரும்ப அழைத்தது. நான்காண்டுகளுக்குள் மீண்டு வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை மட்டும் பெற்றுக்கொண்டு, 1917-இல் கப்பலேறினார். அது உலகப் போர்க் காலம். தனியே அனுப்பிய அவருடைய உடைமைகள், ஏற்றிச் சென்ற கப்பல் தாக்குண்டதால் கடலில் மூழ்கின. நியூயார்க்கில் நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்த நூல்களிலும் ஒரு பகுதியே இந்தியா வந்து சேர்ந்தது. இழந்த உடைமைகளுக்கு ஈடாகக் கிடைத்த 600 ரூபாயைக் கொண்டே பரோடாவுக்குப் புறப்பட வேண்டியிருந்தது.

பரோடாவில் உயர் பதவி கிடைத்தும், தீண்டாமையின் காரணமாகத் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தங்கியிருந்தவரைத் தடிகளுடன் வந்தோர் வெளியேற்றினர். பம்பாய் திரும்பிய அவர், 1918 நவம்பரில் சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். சம்பளம் 450 ரூபாய். அந்நாளில் அது வசதியான வாழ்வுக்குப் போதிய தொகை. எனினும் குடும்பம் பரேலை விட்டு நகரவில்லை. குடும்பச் செலவுக்கென ஒரு சிறு தொகையை ரமாபாயிடம் கொடுத்துவிட்டு, எஞ்சியதை அவர் சேர்த்து வைத்தார். இலண்டன் விதித்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கோலாப்பூர் ஷாகு மகாராஜா உதவினார். நியூயார்க்கில் உடன் தங்கிய பார்சி நண்பர் நவல் பத்தேனா 5,000 ரூபாய் கடன் தந்தார். 1920 ஜூலையில் மீண்டும் பயணம்.

இலண்டன் விடுதியில் காலையில் ஒரு துண்டு ரொட்டி, சிறிதளவு மீன், ஒரு கோப்பை போவ்ரில் சாறு. பின்னர் பிரிட்டிஷ் மியூசியம் நூல்நிலையத்துக்கு விரைவார். நண்பகல் உணவென்பதே பெரும்பாலும் இல்லை. நூல்நிலையம் அடைக்கும் வரை இருந்துவிட்டுத் திரும்பி, இரவிலும் படிப்பார். பத்து மணியளவில் பசி பொறுக்க முடியாமற் போகும்போது, தெரிந்தவர் ஒருவர் கொடுத்திருந்த அப்பளங்களில் நான்கைத் தகரத் தட்டில் வாட்டித் தின்று, ஒரு கோப்பைப் பால் அருந்துவார். அறைத் தோழர் விழித்தெழுந்து, உறங்குமாறு வேண்டுவாராம். தம்மிடம் பணமும் இல்லை, காலமும் இல்லை. ஆகவே இயன்ற விரைவில் படிப்பை முடிக்க வேண்டும் என்பதே அவர் கூறும் விடை. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் ஒரு நாள் வாடகை, ஒரு நாள் உணவு. அவருடைய இரவுப் படிப்பில் இக்கணக்கும் அடங்கியிருந்தது.

இதனிடையே ரூபாயும் சரிந்தது. 1920-இன் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங்குக்கு மேல் கிடைத்தது; 1921-இல் அது ஒரு ஷில்லிங் நான்கு பென்சுக்கும் கீழே இறங்கியது. ஊரிலிருந்து வரும் ரூபாயை நம்பி வாழ்ந்த மாணவர்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருளும் ரூபாயின் நாணய மதிப்பே!

1921-இல் எம்.எஸ்ஸி. பட்டமும், 1922-இல் பாரிஸ்டர் தகுதியும் பெற்றார். டி.எஸ்ஸி. பட்டத்துக்குரிய ஆராய்ச்சி நூலைத் திருத்தி எழுதித் தருமாறு தேர்வாளர்கள் பணித்தபோது, இலண்டனில் தங்கியிருக்கக் கையில் பணமில்லை. 1923 ஏப்ரலில் பம்பாய் வந்து, இங்கிருந்தே திருத்தி அனுப்பினார். அவ்வாண்டின் இறுதியில் பட்டம் வந்தது. வழக்குரைஞராகத் தொழில் நடத்தச் சன்னது பெறுவதற்குக் கூடப் பணமின்றி, மீண்டும் பத்தேனாவின் உதவியையே நாட நேர்ந்தது.

அவர் படித்த ஆண்டுகளிலெல்லாம் பரேலில் குடும்பத்தைக் காத்தவர் ரமாபாய். பட்டங்களின் பட்டியலில் அவ்வம்மையாரின் பெயர் இல்லை. 1930-களில் தாதர் இந்துக் காலனியில் ராஜகிருகம் என்னும் இல்லத்தை அம்பேத்கர் எழுப்பினார். மாதுங்காத் தமிழர்கள் நடந்தே செல்லக்கூடிய தொலைவில் இன்றும் நிற்கும் அவ்வீடு, நூல்களை வைப்பதற்கென்றே இடம் வகுத்துக் கட்டப்பட்டது. அங்குக் குடிபுகுந்தபின் ரமாபாய் நெடுநாள் வாழவில்லை. 1935 மே மாதத்தில் மறைந்தார்.