மூன்று ரூபாய்ச் சம்பளக்காரர்

உழைத்தால் உயரலாம்! ஏழைக்கு இந்த உபதேசம் செய்யாதவர் யார்? முதலாளி சொல்கிறார், மேலதிகாரி சொல்கிறார், மேடை ஏறுவோர் எல்லாம் சொல்கிறார்கள். நாம் மறுக்கவில்லை. ஆனால், உழைத்தவனைத் தேடி உயர்வு தானாக வந்துவிடுமா? பல்வங்கர் பாலுவின் வாழ்க்கையைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

1876-ல் தார்வாரில் பிறந்தவர் பாலு. தோல் தொழிலுக்கென்று ஒதுக்கப்பட்ட சமார் குலம். தொட்டால் தீட்டு என்று ஊர் விலக்கி வைத்த குலம். பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் மைதானத்தில் தரையைப் பெருக்கவும் உருளை இழுக்கவும் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 3 ரூபாய்! பிறகு வெள்ளையர் கிளப்பில் 4 ரூபாய்.

அங்கே கிரெய்க் என்ற துரை, பயிற்சிக்குப் பந்து வீசப் பாலுவை அழைத்தார். மணிக்கணக்கில் வீசினார் பாலு. துரையை ஒருமுறை அவுட்டாக்கினால் எட்டணா கிடைக்கும் என்று ஒரு கதை உண்டு. ஆனால் மட்டையைத் தொட அனுமதி இல்லை. வியர்வை சிந்திப் பந்து வீசுவது வேலைக்காரன் கடமை. மட்டை பிடிப்பது துரைமார் உரிமை! பாலு சோர்ந்துவிடவில்லை. கூலிக்கு வீசிய பந்தையே கல்வியாக்கிக் கொண்டார். இடது கைச் சுழற்பந்தில் அவருக்கு இணையானவர் இல்லை என்ற நிலை வந்தது.

வெள்ளையரை வெல்ல வேண்டும் என்ற ஆசை பூனா இந்துக்களுக்கு வந்தது. அப்போது பாலு தேவைப்பட்டார். களத்தில் அவர் வீசிய பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் வேளை வந்ததும் அவர் வெளியே நிற்க வேண்டும். அவருக்கு மட்டும் மண் குவளை! பந்துக்கு இல்லாத தீட்டு கோப்பைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

பாலு பம்பாய்க்குச் சென்றார். 1906-ல் இந்து அணி ஐரோப்பியர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியது. அதில் பாலு எடுத்தது 8 விக்கெட். 1911-ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி பெரும்பாலும் தோற்றது. பாலுவோ 114 விக்கெட்டுகளைச் சாய்த்துத் திரும்பினார்.

இவ்வளவு சாதித்தவருக்குத் தலைவர் பதவி கிடைத்ததா? இல்லை! ஆண்டுகள் உருண்டன. திறமை குறைந்தவர்கள் தலைவர்கள் ஆனார்கள். பாலு பந்து வீசிக்கொண்டே இருந்தார். உழைத்தால் உயரலாம் என்றவர்கள் அப்போது எங்கே போனார்கள்?

1920-ல் ஒரு திருப்பம். பாலு புறக்கணிக்கப்பட்டதைக் கண்டு, அதே அணியின் சிறந்த ஆட்டக்காரர்களான தம்பிகள் விட்டலும் சிவராமும் விலகிக் கொண்டார்கள். காரணத்தை ஊரறியச் சொன்னார்கள். நிர்வாகம் அசைந்தது. பாலு துணைத் தலைவரானார். மூன்றே ஆண்டுகள்! 1923-ல் விட்டல் அதே இந்து அணிக்குத் தலைவரானார். வெற்றியும் தேடித் தந்தார்.

அரசியலில் பாலு எடுத்த நிலையை எல்லோரும் ஏற்கமாட்டார்கள். 1937 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் அம்பேத்கரை எதிர்த்து நின்றார், தோற்றார். அது வேறு கணக்கு. அந்த அம்பேத்கரே இளமையில் பாலுவை எண்ணிப் பெருமைப்பட்டவர் என்பதையும் மறக்க வேண்டாம். 1955-ல் பாலு மறைந்தார்.

தொழிற்சாலையில், பணிமனையில், அலுவலகத்தில் பாடுபடும் தோழர்களுக்கு இந்த வாழ்க்கை இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, கையிலுள்ள வேலை எதுவானாலும் அதில் தேர்ச்சி பெறுங்கள். திறமை உள்ளவனை அவமதிக்கலாம். அவன் இல்லாமல் வெல்ல முடியாது. இரண்டு, திறமை கதவு வரைதான் கொண்டுபோய் விடும். உள்ளே நாற்காலி வேண்டுமானால், கூட இருப்பவர்கள் சேர்ந்து எழுந்து நின்று கேட்க வேண்டும்.

பாலு இருபதாண்டுக்கு மேல் தனியாக உழைத்துப் பெற முடியாததை, தம்பிகள் சேர்ந்து நின்றதும் பெற்றார்கள். அடுத்த முறை உழைத்தால் உயரலாம் என்று யாராவது உபதேசித்தால், ஆமாம் என்று சொல்வோம். மீதிப் பாதியையும் நாமே சொல்லி முடிப்போம்.