துணிவு எனப்படுவது யாது?



துணிவு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். அதன் பொருளை ஆராய்வோர் சிலரே. ஆலையில் உழைத்த காலத்தில், மேஸ்திரியை எதிர்த்து உரக்கப் பேசுபவனே துணிந்தவன் என்று நானும் எண்ணியிருந்தேன். போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களின் வாழ்வைக் கற்ற பின்னரே அவ்வெண்ணம் நீங்கிற்று.

மத்திய இந்தியாவில் மௌ என்னும் படைவீட்டு ஊரில் 14-4-1891இல் அவர் பிறந்தார். பள்ளியில் தனியே கோணிச்சாக்கில் அமர்ந்தார். சேவகன் வந்து ஊற்றினாலன்றி, விடாய் தீர்க்கவும் வழியில்லை. அமெரிக்காவிலும் இலண்டனிலும் கற்றுத் திரும்பிய பின், 1917இல் பரோடா அரசில் பணி ஏற்றார். அங்கே குடியிருக்க ஓர் அறை கிடைக்கவில்லை. தங்கிய விடுதியினின்றும் தடியேந்தியவர்கள் அவரை வெளியேற்றினர். அவர் ஒரு மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் வடித்தார். துணிந்தவர் அழமாட்டார் என்பது பேதைமை. அழுதபின் எழுந்து என்ன செய்தார் என்பதே கேள்வி.

அதற்கு மகாட் நகரம் விடை கூறுகிறது. பொதுக் குளங்களை யாவரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய்ச் சட்டசபை 1923இல் தீர்மானித்தது. மகாட் நகராட்சியும் 1924இல் அதனை ஏற்றது. ஆயினும் சவதார்க் குளத்து நீர் நம்மவர்க்கு எட்டாததாகவே இருந்தது. 20-3-1927 அன்று பாபாசாகேப் பெருந்திரளான மக்களுடன் நடந்து சென்று, அந்நீரை அள்ளிப் பருகினார். ஆடும் மாடும் குடித்த நீரை மனிதர் குடித்ததற்காக நகரமே கொதித்தது. இவர்கள் கோயிலினுள்ளும் புகுவர் என்ற பொய்ச் செய்தி பரவ, தடியேந்திய கூட்டம் மாநாட்டுக்கு வந்தோரைத் தாக்கியது, பலர் காயமுற்றனர்.

நம்மவருள் படையில் பணியாற்றியவர்கள் பலர் இருந்தனர். ஒரு சொல் கிடைத்திருந்தால் பழி தீர்த்திருப்பர். அச்சொல்லைப் பாபாசாகேப் கூறவில்லை, அவர்களை அடக்கினார். அவருடைய துணிவின் உச்சம் நீரைப் பருகிய கணத்தில் மட்டும் இல்லை. ஓங்கிய கையைத் தாழ்த்தச் செய்த அக்கணத்திலும் இருந்தது என்பேன்.

அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் அங்கே கூடினர். 25ஆம் நாள், மனிதனை மனிதன் தாழ்த்த விதி வகுத்த மனுஸ்மிருதியை எரித்தனர். ஆனால் குளத்து நீரைத் தொடலாகாது என நீதிமன்றம் தடை விதித்திருந்தது. தடையை மீறிச் சிறை செல்ல ஆயிரக்கணக்கானோர் முன்வந்தும், அவர் அவர்களைப் பொறுக்கச் சொன்னார். ஊர்வலம் சென்று, நீரைத் தொடாமலே திரும்பினர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வெற்றி கிட்டியது.

13-10-1935இல் இயோலாவில், இந்துவாக இறக்கமாட்டேன் என்று அவர் உலகறிய அறிவித்தார். அறிவித்த மறுநாளே மதம் மாறினாரல்லர். 21 ஆண்டுகள் கற்றார், சமயங்களை ஒப்புநோக்கினார், ததாகதரின் அறநெறியே ஏற்றதெனத் தெளிந்தார். 14-10-1956இல் நாகபுரியில், இலட்சக்கணக்கான மக்களுடன் மும்மணிகளிடம் சரண் புகுந்தார். உடல்நலம் குன்றியிருந்த அவர் அவ்வாண்டு டிசம்பர் 6இல் பரிநிர்வாணம் எய்தினார்.

பாரமிதைகளுள் வீரியமும் பொறுமையும் அடுத்தடுத்து வைத்து எண்ணப்படுவதன் காரணம் இப்போது விளங்கும். பொறுமையற்ற வீரியம் வெறி. வீரியமற்ற பொறுமை அடிமைத்தனம். இரண்டும் அறிவுடன் கூடியதே துணிவு.

பதிவேட்டில் பௌத்தர் என்று எழுதியமையால் மத்திய அரசின் சலுகைகளை இழந்தவர்கள் நம்மில் உண்டு. 1990இல்தான் அவை பௌத்தருக்கும் கிடைத்தன. அத்தனை ஆண்டுகள் இழப்பைத் தாங்கியும் அச்சொல்லை அழிக்காத எளிய குடும்பங்கள் எந்த மேடையிலும் முழங்கவில்லை. ஆயினும் துணிவின் பொருளை அவர்கள் வாழ்ந்து காட்டினர். இன்று சலுகையும் உண்டு, சட்டமும் உண்டு. அவ்வாறிருந்தும் அண்டை வீட்டார்க்கு அஞ்சிப் புத்தர் படத்தை உள்ளறையில் மறைப்போமாயின், அக்குளக்கரையில் காயமுற்றோர்க்கு நாம் என்ன விடை கூறுவோம்?

அனைத்துயிர்களும் இன்புற்றிருக்க!