கல்லைக் கற்ற அறிஞர்

திருத்தணிகைக் குன்றின்மீது நின்று நோக்குவார்க்கு நாற்புறமும் மலைகளும் வயல்களும் ஏரிகளும் இனிய காட்சி அளிக்கும். அவ்வூரை அடுத்து ஓடும் நந்தியாறு கொசத்தலையாற்றோடு கலக்க, அவ்வாறு கிழக்கே கடல் நோக்கிச் செல்கின்றது. அதன் கரைப்பகுதியில், பூண்டி ஏரிக்கு அணித்தாக, அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. வழிச்செல்வோர் காலால் இடறிச் சென்ற கற்களே அச்சிற்றூருக்கு உலகப் புகழ் தேடித் தந்தன. அக்கற்களின் அருமையை உலகறியச் செய்தவர் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் ஆங்கில அறிஞராவார்.

பூட், 1834ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இங்கிலாந்து நாட்டில் பிறந்தார். 1858ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியேற்றார். எவ்விடத்தில் எவ்வகைப் பாறை உள்ளது என்று ஆராய்ந்து நிலப்படம் வரைதலே அவர்தம் கடமை. பழங்கால மக்களைப் பற்றி ஆராயும்படி அவரை எவரும் பணித்திலர். ஆயினும், கண்ணிற் பட்டதனைக் கருத்தில் வாங்கும் இயல்பு அவர்க்கு இருந்தது.

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், சரளைக்கல் தோண்டிய குழி ஒன்றில் அவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஆற்றுநீர் உருட்டிய கல் முனை மழுங்கி உருண்டையாகும். இக்கல்லோ சில்லு சில்லாகப் பெயர்க்கப்பட்டுக் கூரிய விளிம்புடையதாய் இருந்தது. இஃது இயற்கையின் செயலன்று, மனிதன் கைத்திறனே என அவர் தெளிந்தார். பிரான்சு நாட்டில் கிடைத்த அத்தகைய கற்கள் பழங்கால மனிதன் செய்த கருவிகளே என்பதை, அதற்கு நான்கு ஆண்டுகட்கு முன்னரே ஆங்கில அறிஞர் சிலர் நேரிற்கண்டு ஒப்புக்கொண்டிருந்தனர். இந்நாட்டிலும் அத்தொன்மை உண்டு என்பதற்குப் பல்லாவரத்துக் கல் முதற் சான்றாயிற்று.

ஆயினும், ஒரு கல்லைக்கொண்டு ஒரு நாட்டின் தொன்மையை நிறுவிவிட இயலுமோ? பூட் மேலும் தேடினார். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பாரோடு அத்திரம்பாக்கத்தை அடைந்தார். ஆங்கே நீரோடை அரித்த நிலத்தில், ‘குவார்ட்சைட்’ என்னும் வன்கல்லாற் செய்த கைக்கோடரிகள் பலவற்றைக் கண்டார். அண்மையிலுள்ள அல்லிக்குழி மலைப்பகுதியில் அவ்வகைக் கல் மிகுதி. கருவிக்குரிய கல்லும் குடிநீரும் அருகருகே கிடைத்த இடத்தை அப்பழங்கால மக்கள் தேர்ந்து வாழ்ந்தனர் என்பது புலனாகின்றதன்றோ?

பூட் 1891ஆம் ஆண்டில் அரசுப் பணியினின்றும் ஓய்வு பெற்றார், ஆராய்ச்சியினின்றும் ஓய்ந்தாரல்லர். தென்னாட்டிலும் பிற பகுதிகளிலும் அவர் கண்டறிந்த தொல்லிடங்கள் நானூற்றுக்கும் மேற்பட்டன. அரிதின் தொகுத்த கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் 1904ஆம் ஆண்டில் பெற்றது. ஏற்காட்டு மலையில் இல்லம் அமைத்து வாழ்ந்த அவர், 1912ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 29ஆம் நாள் இயற்கை எய்தினார். அத்தொகுதியைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1914, 1916ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது.

அவர் தொடங்கிய பணி அவரோடு முடிந்திலது. அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்தெடுத்த கருவிகளுள் மிகப் பழையன ஏறத்தாழப் பதினைந்து நூறாயிரம் ஆண்டுகட்கு முற்பட்டவை என 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. அத்துணைத் தொன்மையை அளந்தறியும் முறைகள் பூட்டின் காலத்தில் இல்லை. அவர்பால் இருந்தவை கூர்ந்த நோக்கும் அயரா உழைப்புமே.

மாணவர்களே! பல்லாவரத்துக் குழியில் கல் தோண்டியோர் பலர். கல்லைக் கற்றவர் ஒருவரே. நீவிர் நாள்தோறும் நடக்கும் வழியிலும் ஆறும் மலையும் மண்ணும் மரமும் பலவற்றை உரைத்த வண்ணம் உள்ளன. நின்று நோக்குவார்க்கே அவை விளங்கும். இயற்கை என்னும் பெருநூலை நாள்தோறும் ஒரு பக்கமேனும் பயில்வீர்களாக!