ஹேர்மன் ஷ்னைடர் (1872 – 1939)

மாணவர்களே, பொறியியல் கற்பவர் தொழிற்சாலைக்குச் சென்று பயிற்சி பெறுவது உங்களுக்குப் புதிய செய்தியன்று. அப்பயிற்சியைப் பாடநெறியோடு இணைத்து, கூட்டுறவுக் கல்வி என்னும் முறையைத் தொடக்கியவர் ஹேர்மன் ஷ்னைடர் ஆவார்.

இவர் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். லீஹை பல்கலைக்கழகத்திற் படிக்கும்போதே கட்டடக் கலைஞர் ஒருவரிடம் வேலையும் செய்தார். பின்னர் அங்கு விரிவுரையாளராக இருந்தபோது ஒரு விடயத்தைக் கவனித்தார். தொழிலிற் சிறந்து விளங்கிய பட்டதாரிகளுட் பலர், தம்மைப் போலவே படிக்குங் காலத்தில் வேலை செய்தவர்கள்!

1903 இல் இவர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தை அடைந்தார். இயந்திரக் கருவி உற்பத்திக்குப் பெயர்பெற்ற நகரம் அது. 1906 இல் 27 மாணவருடன் இத்திட்டம் ஆரம்பமாயிற்று. பல்கலைக்கழக நிருவாக சபை ஓராண்டுக்கே அனுமதி வழங்கியது. தோல்வியுற்றால் தான் பொறுப்பேற்காது என்றும் எழுதி வைத்துக்கொண்டது. சற்று எண்ணிப் பாருங்கள், பழி முழுவதும் ஷ்னைடரின் தலையில்.

மாணவர் சோடி சோடியாகப் பிரிக்கப்பட்டனர். ஒருவர் இவ்வாரம் தொழிற்சாலையில் நின்றால் மற்றவர் வகுப்பில் இருப்பார்; அடுத்த வாரம் இடம் மாறுவர். ஆகவே, தொழிற்சாலையில் அந்த வேலை தடைப்படவில்லை. முதலாளிமார் சம்மதித்ததற்கு இதுவே முக்கிய காரணம் எனலாம். (விடை எழுதும்போது இச்சோடி முறையை விட்டுவிடாதீர்கள்.) மாணவருக்குச் சம்பளமும் கிடைத்தது.

ஓராண்டுக்கென வந்த திட்டம் நிலைத்துவிட்டது. 1909 இல் பொஸ்ரன் நகரின் நோர்த்ஈஸ்ரேர்ண் கல்வி நிறுவனமும் இதனைப் பின்பற்றியது. பொறியியற் பீடாதிபதியாயிருந்த ஷ்னைடர், 1929 முதல் 1932 வரை சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் கடமையாற்றினார்.