ருடால்ப் டீசல்

டீசல் என்பதை ஓர் எண்ணெயின் பெயரென்றே நம்மிற் பலர் கருதுகின்றோம். அஃது ஓர் அறிஞரின் பெயராகும். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ருடால்ப் டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் பாரிசு மாநகரில் ஜெர்மானியப் பெற்றோர்க்குப் பிறந்தார். 1870-ல் போர் மூளவே, குடும்பத்தார் இலண்டனுக்குப் பெயர்ந்தனர். சிறுவராகிய டீசல் ஆக்சுபர்க்கிலிருந்த உறவினரிடம் அனுப்பப்பெற்றார். பின்னர் மியூனிக்கு நகரில் லிண்டே என்னும் பேராசிரியரிடம் பொறியியல் பயின்றார். நீராவி இயந்திரம் நிலக்கரியின் வெப்பத்திற் பெரும்பகுதியை வீணாக்குதலை உணர்ந்து, அவ்விழப்பைக் குறைத்தலே தம் வாழ்நாட்பணி எனக் கொண்டார்.

காற்றை மிக அழுத்தின் அது வெம்மையுறும். அவ்வெம்மையிற் பீய்ச்சப்பெறும் எண்ணெய் வேறு தீப்பொறி வேண்டாது தானே பற்றும். இந்நெறிக்கு 1892-ல் காப்புரிமை வேண்டினார். ஆக்சுபர்க்குத் தொழிற்சாலையில் தோல்வி பல கண்டும் தளராதுழைத்தார். 1897-ல் நிகழ்ந்த சோதனையில் அவர்தம் இயந்திரம் எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கைப் பயன்தரும் ஆற்றலாக்கிற்று. நீராவி இயந்திரங்கள் அதிற் பாதியை எட்டுதலும் அரிதாயிருந்த காலம் அது.

பெரும்பொருள் ஈட்டியும் பிற்காலத்தில் நோயும் கடனும் அவரை நெருக்கின. 1913 செப்டம்பர் 29-ஆம் நாளிரவு, இங்கிலாந்து நோக்கிச் சென்ற டிரெஸ்டன் என்னும் கப்பலினின்று மறைந்தார். சின்னாட் கழித்து அவருடல் கடலிற் காணப்பட்டது.

அவர் மூட்டிய தீ உலகெங்கும் பரவிற்று; அதனொடு ஒரு கேடும் பரவிற்று. எண்ணெய் காற்றுடன் நன்கு கலவாது எரியுமிடத்துக் கரிப்புகை எழும். வெப்பம் மிக்கவிடத்து நைட்ரஜன் ஆக்சைடுகள் பிறக்கும். ஒன்றைத் தணிக்க மற்றொன்று மிகுதல் பொறியாளர்க்குப் பெருந்தொல்லை.

மெதனாலைத் துணைசேர்த்தல் இதற்கொரு மருந்து. அதன் எடையிற் பாதி பிராணவாயுவாதலின் கரிப்புகை குறையும். ஆவியாகுங்கால் அது மிகுந்த வெப்பத்தை உண்ணுதலின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் தணியும். ஆயின் அழுத்தத்தால் மட்டும் அஃது எளிதிற் பற்றாது. சிறிதளவு டீசல் முன்னெரிந்து அதற்குத் தீமூட்டல் வேண்டும். 2015-ல் ஸ்டெனா ஜெர்மானிக்கா என்னும் பயணக்கப்பல் இவ்விரண்டையுங் கொண்டியங்குமாறு மாற்றப்பெற்றது.

இம்மருந்தும் குறையற்றதன்று. இயந்திரம் குறைந்த சுமையில் ஓடுங்கால் எரியாத மெதனாலும், கார்பன் மோனாக்சைடும், பார்மால்டிஹைடும் வெளிப்படும். மெதனாலை நிலக்கரியினின்று ஆக்கின் கரியமில வாயுவும் குறையாது.

வீணாவதைக் கண்டு பொறாத நெஞ்சமே டீசலை அறிஞராக்கிற்று. அவர் வெப்பம் வீணாதலைத் தடுத்தார். காற்று மாசுறுதலைத் தடுத்தல் மாணாக்கராகிய நம்மனோர் கடன்.