அச்சுக் கோத்த கை

பூசலார் நெஞ்சிலே கோயில் எடுத்த திருநின்றவூரிலிருந்து நாள்தோறும் ரயிலேறித் திருத்தணிக்கு வந்து பயிலும் மாணவன் நான். அரக்கோணம் கடந்து திருத்தணி மலை தென்படும்போதெல்லாம் சிலம்புச்செல்வர் ம.பொ.சிவஞானம் அவர்களை எண்ணிக்கொள்வேன். சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஒரு துன்பம் அப்பெரியாரை எனக்கு மேலும் நெருக்கமாக்கிற்று.

என் தந்தையார் அம்பத்தூரில் 24 ஆண்டுகள் லேத்துப் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவர். கணிப்பொறியால் இயங்கும் இயந்திரங்களுக்கு ஈடுகொடுக்க இயலாமல் அப்பட்டறை மூடப்பட்டது. 48 வயதில் இனி எந்தத் தொழிலைக் கற்பது என்று அவர் மனம் இடிந்துபோனார். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாமா என்று நானும் எண்ணினேன். அந்நாட்களில்தான் ம.பொ.சி. அவர்களின் வரலாற்றைப் படித்தேன்.

1906 ஜூன் 26 அன்று சென்னையில் ஏழைக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. நெசவு வேலை செய்தார், பின்னர் அச்சுக்கோப்பாளரானார். டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' இதழில் பணியாற்றினார். அச்சுக்கோப்பது எளிய வேலையன்று. நூற்றுக்கணக்கான சிறு அறைகளிலிருந்து ஈய எழுத்துகளைக் கண நேரத்தில் பொறுக்க வேண்டும். இடவலம் மாறிக் கிடக்கும் எழுத்தைப் பிழையின்றிப் படிக்க வேண்டும். பிறர் எழுதியதைக் கோத்துக் கோத்தே தமிழ் கற்றார். பள்ளி தராததை அச்சகம் தந்தது.

விடுதலைப் போராட்டம் அழைத்தபோது கைவந்த தொழிலை விட்டுப் பொதுவாழ்வில் இறங்கினார். பலமுறை சிறை சென்றார். 1942இல் கைதாகித் தொலைதூர அமராவதிச் சிறையில் அடைக்கப்பட்டார். உடல்நலம் மிகவும் குன்றியது. ஆயினும் சிறை நாட்களைச் சிலப்பதிகாரம் பயிலப் பயன்படுத்திக்கொண்டார். அச்சுக்கோப்பாளர் சிலம்புச்செல்வரானார்.

1946இல், தம் நாற்பதாம் வயதில், தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சென்னையைக் காக்கவும் வட எல்லையை மீட்கவும் மங்கலங்கிழார் முதலானோருடன் போராடினார். வேங்கடம் கிட்டவில்லை, ஆனால் 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. வ.உ.சிதம்பரனாரைப் பற்றி அவர் எழுதிய நூலைத் தழுவியே 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' திரைப்படம் வெளிவந்தது. வள்ளலாரைப் பற்றிய நூலுக்கு 1966இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. மூன்றாம் வகுப்பு மட்டுமே படித்தவர் தமிழக மேலவையின் தலைவராகவும் அமர்ந்தார். 1995 அக்டோபர் 3 அன்று மறைந்தார்.

இவ்வரலாற்றைத் தந்தையாரிடம் சொன்னேன். அவர் பெரிய மனிதர், நான் பட்டறைக்காரன் என்று முதலில் ஒதுக்கினார். நியாயமான பேச்சுதான், எல்லாரும் ம.பொ.சி. ஆகிவிட முடியாது. ஆயினும் ஒன்றை எடுத்துரைத்தேன். அவர் அச்சகத்தை விட்டாரே தவிர, அங்கே கற்றதை விடவில்லை. பிழை பொறாத கண்ணும் சொல்லை எடை போடும் பழக்கமும் இறுதிவரை அவருடன் இருந்தன. நூலிழை அளவையும் உணரும் அப்பாவின் கை மட்டும் பட்டறையோடு போய்விடுமா என்று கேட்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து, தம்மைவிட இருபது வயது இளையவர் ஒருவரிடம் மோட்டார் பம்பு பழுது பார்க்கக் கற்கச் சென்றார். இன்று வருவாய் முன்னைவிடக் குறைவே. ஆனால் தேய்ந்த தண்டைத் தொட்டவுடன் குறையைச் சொல்லிவிடுகிறார் என்று, கற்றுக்கொடுத்தவரே அவரைத் தேடி வருகிறார். நானும் படிப்பைத் தொடர்கிறேன்.

மாணவ நண்பர்களே, நாம் பெறப்போகும் பட்டமும் ஒருநாள் பயன்படாமல் போகலாம். அன்று நம்மிடம் எஞ்சியிருக்க வேண்டியது எது என்பதை அந்த அச்சுக்கோப்பாளரின் வாழ்வு காட்டுகிறது.