கம்பனைக் கைவிடாத யாத்திரிகர்

எச். ஏ. கிருட்டிணபிள்ளைக்குக் கிறித்தவக் கம்பர் என்னும் பட்டம் இலக்கிய வரலாறுகளில் நிலைபெற்றுவிட்டது. அன்பினால் சூட்டிய பட்டமே ஆயினும் அது அவரைப் பாதியளவே காட்டுகிறது. கம்பரின் நடையில் அவர் பாடினார் என்பது மெய். எந்த மகிழ்ச்சி அவரை முதுமை வரையில் பாடச் செய்தது என்பதை அப்பட்டம் சொல்வதில்லை.

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827-ஆம் ஆண்டு வைணவ வேளாளர் குடியில் அவர் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். ஆகவே பத்தியும் பாட்டும் மகனுக்குப் பிறப்புரிமையாக வந்தன. 1853-இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியரானபோதும் அவர் வைணவராகவே இருந்தார். நண்பர் தனக்கோடி ராஜுவும் உடன்பிறந்த முத்தையா பிள்ளையும் அவருக்கு முன்னரே கிறித்தவம் தழுவினர். நெடிய மனப்போராட்டத்திற்குப் பின் 1858-இல் சென்னை மயிலாப்பூரில் கிருட்டிணபிள்ளையும் திருமுழுக்குப் பெற்று, ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரை ஏற்றார்.

அக்காலத்து நெல்லைச் சீமையில் இவ்வாறு சமயம் மாறுதல் உறவும் பந்தியும் அறுபடுவதற்கு ஒப்பாகும். இழப்பின் அளவை அறிந்தே அவர் அதனை ஏற்றார். ஆயினும் ஒன்றை மட்டும் அவர் இழக்க உடன்படவில்லை. தந்தையாரிடமிருந்து வந்த தமிழே அது. பழைய சமயத்தோடு பழைய நூல்களையும் மூட்டை கட்டி வைத்தோர் உண்டு. இவரோ கம்பனையும் ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் உடனழைத்துக்கொண்டே புதிய வாயிலுள் நுழைந்தார். புதிய நம்பிக்கையில் அவர் கண்ட இன்பம் நாள்பட வாடாமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு. தாய்மொழியின் ஆழத்தில் வேர் கொள்ளாத பத்தி விருந்தினர் போல வந்து போகும்.

ஆங்கில நாட்டு ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உரைநடை நூல் ஒன்று அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அழிவின் நகரை விட்டு வான நகர் நோக்கி நடக்கும் ஒருவனின் பயணமே அதன் கதை. அதனைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். பாளையங்கோட்டையிலிருந்து வந்த நற்போதகம் இதழில் பல்லாண்டு தொடர்ந்து வெளிவந்த அக்காப்பியம், 1894-இல் நூலுருப் பெற்றது. ஐந்து பருவங்கள், 3,700-க்கு மேற்பட்ட பாடல்கள். திருமுழுக்கிற்கும் நூல் வெளிவந்ததற்கும் இடையே 36 ஆண்டுகள்! புதுமையின் கிளர்ச்சி ஒன்றே காரணமாயின், அது இத்தனை காலம் எழுதுகோலைத் தாங்கியிராது.

பனியனின் நூலில் இல்லாத விரிவோடு இயேசுபிரானின் பாடுகளை இவர் பாடியுள்ளார். கொலைக்களம் நோக்கி அவர் நடத்தப்படும் பகுதியைப் பயில்வோர், கம்பனின் கோசலத்து மக்கள் கானகம் செல்லும் இராமனுக்காக அழுததை நினையாதிருத்தல் அரிது. கதை சொல்லும் செய்யுட்கள் சில இடங்களில் வறண்டு நடப்பதும் உண்டு, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கதையினிடையே அவர் அமைத்த தேவாரப் பாடல்களை அடைந்ததும் அவ்வறட்சி நீங்குகிறது. அங்கே காப்பியப் புலவர் விலகிக்கொள்ள, இறைவன்முன் குழைந்து நிற்கும் அடியவர் பேசுகிறார். தம் தகுதியின்மையை எண்ணி அவர் அழும் அழுகையும், அதனை மீறிக் கிடைத்த அருளை எண்ணி மகிழும் மகிழ்ச்சியும் ஒரே பாட்டினுள் அடுத்தடுத்து நிற்கின்றன. நம் கவிஞர்கள் பயிலவேண்டிய இடம் அது.

1899-இல் இரட்சணிய மனோகரம் வெளிவந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் கிருட்டிணபிள்ளை மறைந்தார். உருவங் கடந்த பரம்பொருளைச் சைவ சித்தாந்தச் சொற்களாலேயே விளித்து, உன்னையன்றித் துணை யார் எனக் கேட்கும் அவருடைய பாடல் ஒன்று தமிழ்த் திருச்சபைகளின் கீர்த்தனை நூல்களில் இடம்பெற்றுள்ளது. அதனைப் பாடுவோரிற் பலர் பாடியவர் பெயரை அறியார்.